பூட்டிய எண்

முதலில் சிரித்தது யார் என்பது சரியாக நினைவில்லை. இளஞ்செழியன் என்றுதான் நினைக்கிறேன். கல்வராயன் மலைக்கு ஆம்புலன்ஸ் அழைக்கும் செயலியைக் கள்ளக்குறிச்சியில் நாங்கள்தான் எழுதினோம்.

"எவனோ ஒரே நம்பர்லருந்து வண்டி கேட்டுக்கினே இருந்தான். சர்வரை முடக்கப் பாத்தான். நான் எழுதுன புரோகிராம் தானா அந்த நம்பரைப் பூட்டி, கேட்டதையெல்லாம் ரத்து பண்ணிடுச்சு பாரு" என்றான்.

"உருப்படியா ஒண்ணு எழுதிட்ட" என்றாள் சுபஸ்ரீ.

மறுவாரம் மலையிலிருந்து செல்லன் என்பவர் வந்தார்.

"மன்னிச்சிக்கங்க. சிக்னல் கம்மி. போச்சோ இல்லியோன்னு அழுத்திக்கினே இருந்தேன். இனிமே ஒருவாட்டிதாங்க அழுத்துவேன். தொறந்து வுடுங்க. ஊருக்கே இந்த ஒரு போனுதான்."

"அன்னிக்கு யாருக்கு வண்டி கேட்டீங்க?" என்றாள் சுபஸ்ரீ.

"எம் பொண்டாட்டிக்குங்க. பிரசவ வலி."

எண்ணைத் திறந்தோம். எத்தனை முறை அழுத்தினாலும் ஒரே அழைப்பாக எடுத்துக்கொள்ளும்படி சுபஸ்ரீ நிரலை மாற்றினாள். இளஞ்செழியன் வேலையை விட்டுவிட்டான். செல்லனின் மனைவி பிழைத்துக்கொண்டார். குழந்தை பிழைக்கவில்லை.