வயரில் வலைமுடிச்சு

படகுக்கு நானே வயரிங் செய்தேன். துண்டு வயர்களை இணைக்கும் வேலையை மச்சினன் கித்தேரியானிடம் விட்டதுதான் தப்பு. மேலுறையைச் சீவாமலே, இருபத்தோரு இடத்திலும் வலைமுடிச்சு போட்டு வைத்திருந்தான்.

“சுறா இழுத்தாலும் அவுராது மச்சான்.”

“அவுராதுலே. கரண்டும் போவாது.”

விளக்கில்லாமல் கடலுக்குப் போக முடியாது. போன வருடம் இருட்டில், விளக்கில்லாத படகின் மேல் விசைப்படகு மோதித்தான் கித்தேரியானின் அண்ணன் செத்தான். எரிச்சலோடு எல்லா முடிச்சுகளையும் அறுத்து, மேலுறையைச் சீவி, செம்பை முறுக்கி டேப் ஒட்டினேன். அறுத்ததில் நீளம் போய்விட்டது. விளக்கு மாட்டும் கம்பத்தை எட்ட இரண்டு முழம் குறைந்தது.

கித்தேரியான் விளக்கை என்னிடமிருந்து பிடுங்கித் தலைக்கு மேல் தூக்கி நின்றான். எரிந்தது.

“எவ்வளவு நேரம்லே பிடிப்ப?”

“நீரு இன்ஜினப் போடும்.”