எட்டாம் கட்டில்காரர்

ஒரு வாளித் தண்ணீரைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, சொட்டச் சொட்ட, எட்டாம் கட்டில் துரைக்கண்ணு மெழுகு போட்ட தரையில் படுத்துவிட்டார்.

பாஞ்சாலி பதறி ஓடி வந்தாள்.

காயம்பட்ட பட்டாளத்துக்காரர்களுக்கான அந்தத் திருத்தணி சர்க்கார் ஆஸ்பத்திரியில் தரை கழுவித் தேய்த்து மெழுகு போடுகிற கான்ட்ராக்டு அவளுடையது. சித்தூர் ஜில்லா என்ஜினியர் இன்றைக்குப் பார்வையிட வருகிறார். அவர் தலையாட்டினால் இன்னும் ஒரு வருஷம். இல்லையென்றால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான்.

மனுஷன் ஆடிக் கிருத்திகையாகப் பார்த்து வருகிறார். சர்க்கார் செலவில் சாமி தரிசனம்! கெட்டிக்காரர்தான்.

சிவப்புத் தரை. அவளும் நாலு பெண்களும் தேங்காய் மட்டையால் தேய்த்துத் தேய்த்து முகம் பார்க்கிற மாதிரி ஆக்கியிருந்தார்கள். மெழுகு இன்னும் காயவில்லை. தண்ணீர் பட்டால் தேமல் மாதிரி வெள்ளை விழும். அப்புறம் முதலிலிருந்து சுரண்ட வேண்டும்.

இத்தனைக்கும் கட்டுப்படியாகாத ரேட்டுக்கு டெண்டர் போட்டு எடுத்த வேலை. பள்ளிப்பட்டிலிருந்து வந்து கைக்காசைப் போட்டுத் தரை தேய்க்கிறாளே, இவளுக்கு என்ன பைத்தியமா என்று பஜாரில் சிரித்தார்கள். சிரித்துவிட்டுப் போகட்டுமே. அவள் யாருக்கும் பதில் சொன்னதில்லை.

துரைக்கண்ணுவின் இரண்டு கால்களும் காஷ்மீர் சண்டையில் போய்விட்டன. உயிரோடு திரும்பி வந்தால் திருத்தணி மலையில் அங்கப்பிரதட்சணம் என்று வேண்டுதல். வேண்டிக்கொண்டது யாரோ, உருள வேண்டியது இவர். மலைக்குத் தூக்கிப் போக டாக்டர் விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் சொந்தக்காரர்களை உள்ளே விடுவார்கள். அப்போதும் வெளியிலிருந்து இவரைத் தேடி ஒரு ஆள் வந்ததில்லை.

ஜன்னலில் மலை தெரிந்தது. காவடிக்காரர்களின் அரோகரா வார்டுக்குள் கேட்டது.

அவர் கைகளைத் தலைக்கு மேலே கூப்பிக்கொண்டு ஒரு தடவை புரண்டார். அதோடு சரி. கால் இல்லாத உடம்பு மேற்கொண்டு திரும்பவில்லை.

"பாத்துகினு நிக்கிறியே, உருட்டி வுடு," என்றார். "சாமி கடனோட சாவச் சொல்றியா?"

ஒரு துணியை எடுத்துத் துடைத்து, ஆளைக் கட்டிலில் ஏற்றிவிட்டால் இப்போதும் சமாளித்துவிடலாம். பாஞ்சாலிக்கு அது தெரியும். மலையில் உருளுகிறவர்களை அவரவர் சொந்தக்காரர்கள்தான் கூடவே குனிந்து உருட்டிவிடுவார்கள். அதுவும் தெரியும்.

நாசமாய்ப் போகட்டும் கான்ட்ராக்டு!

புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு மண்டியிட்டாள். அவர் தோளிலும் இடுப்பிலும் கை கொடுத்து உருட்டினாள். பக்கத்துக் கட்டில் ஒற்றைக் கைப் பெருமாள் கட்டிலைத் தட்டி அரோகரா போட்டார். வார்டு மொத்தமும் கூடவே போட்டது. இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர்வரை போய்த் திரும்பி வந்தார்கள். அவள் அழுதாள், சிரித்தாள், உருட்டினாள்.

என்ஜினியர் நெற்றி நிறைய விபூதியோடு வந்தபோது எல்லாரும் கழுத்துவரை போர்த்திப் படுத்திருந்தார்கள். சிவப்புத் தரையின் நடுவே அகலமாக ஒரு வெள்ளைத் தடம்.

"எவன் பண்ணது?"

அவர் பாஞ்சாலியிடம் திரும்பினார்.

"கெடுத்தவன் பேரைச் சொல்லு. அவனை டிஸ்சார்ஜ் பண்ணிடறேன், உன் கான்ட்ராக்டு தப்பிச்சுது. சொல்லலைன்னா இன்னியோட உனக்கு இங்கே வேலை இல்லை."

"சொல்லமாட்டேங்க."

"அவ்வளவு திமிரா?"

"ஆங், திமிருதாங்க."

அவள் நேராக எட்டாம் கட்டிலுக்குப் போனாள். போர்வையை விலக்கினாள். அத்தனை பேர் பார்க்க, முந்தானையால் துரைக்கண்ணுவின் ஈரத் தலையைத் துவட்டத் தொடங்கினாள்.

"ஞாயித்துக்கெழம ஒரு மணி நேரம் பத்தலைங்க. அதான் நஷ்டத்துக்கு இந்தத் தரையை எடுத்தேன்," என்றாள். "கான்ட்ராக்டு வோணும்னா எடுத்துக்கோங்க. பேரை மட்டும் கேக்காதீங்க. கட்டினவரு பேரை நாங்க வாயால சொல்றதில்லை."