மூன்றாம் நிமிடம்

நாமக்கல் குணசீலன் தன்னைக் 'கொங்கு நாட்டின் முதல் ராக் பாடகன்' என்று தானே போர்டு எழுதி மாட்டியவன். கோழித்தீவன அறையின் சுவரிலும் கதவிலும் முட்டைத் தட்டுகளை ஒட்டி ஒரு பாட்டைப் பதிவு செய்தான். வெளிச்சத்தம் துளியும் வராது என்று பீற்றிக்கொண்டான். வரவில்லைதான். பாடி முடித்து வெளியே வந்துதான், வாசலில் அம்மா நெஞ்சைப் பிடித்தபடி செத்துக் கிடந்ததைப் பார்த்தான்.

பதிவில் மட்டும், மூன்றாம் நிமிடத்தில், கதவு தட்டும் சத்தமும் "கதவத் தொற சாமி" என்ற அம்மாவின் குரலும் இருந்தன. ரசிகர்கள் அதை 'உலகத்தரம்' என்றார்கள். அவன் மறுக்கவில்லை.

பிறகு ஒரு பள்ளி ஆண்டு விழாவில் பிள்ளைகள் அந்தப் பாட்டைப் பாடினார்கள். ராசிபுரத்துக் கல்யாண பேண்டு வாசித்தது. லாரிக்காரர் ஒருவர் ஏர்ஹாரனில் அடித்தார். எல்லா வீடியோவிலும் மூன்றாம் நிமிடத்தில் அம்மா தட்டினாள்.

நேற்று குணசீலன் கதவையே கழற்றிச் சாய்த்துவிட்டு மறுபடி பாடினான். பதிவு செய்த பிரவீனா ஹெட்போனில் போட்டுக் கேட்டாள்.

"அம்மணி, இன்னமும் தட்டுதா?"

"இல்லீங்கண்ணா. சொவத்தத் தடவிக்கிட்டே சுத்தி வாராங்க. 'கதவு எங்க சாமி?'ன்னு கேக்கறாங்க."