பன்னிரண்டாவது ஞானப்பிள்ளை

வில்மரின் கை சில்லிட்டுக் கிடந்தது. அதைத் தன் இரண்டு கைகளுக்குள் வைத்துத் தேய்த்தபடி, கிளினிக் முழுவதற்கும் கேட்கிற மாதிரி இலாரியோ பேசிக்கொண்டிருந்தான்.

"ஒரு விரல்ல ஒரு குத்து, இருபது நிமிஷம். இதுக்கா இப்படி நடுங்கற? எங்கம்மா என்னைப் பெத்தப்பகூட இவ்வளவு ஆர்ப்பாட்டம் பண்ணலடி."

இவர்கள் கூட்டாளிகளுக்குள் மீசை வைத்தவனுக்கும் 'அடி'தான்.

லாஸ் ஏஞ்சல்ஸின் கிழக்குப் பக்கத்தில் எதற்கும் ஒரு ஞானத்தகப்பன் வேண்டும். பெண்ணுக்குப் பதினைந்து வயது நிறைகிற விழாவில் கேக் செலவுக்கு ஒருவர், செருப்புக்கு ஒருவர், நாற்காலி வாடகைக்கு ஒருவர். ஆண்களை நேசிக்கும் ஆண்கள் மட்டும் இளைத்தவர்களா என்ன? எச்.ஐ.வி. பரிசோதனைக்கும் ஞானத்தகப்பன் வைத்துவிட்டார்கள்.

வேலை சுலபம். கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். முடிவு எதுவாக இருந்தாலும் சூடாகச் சோளமாவு டமாலே வாங்கித் தர வேண்டும். "யாரோட?" என்று மட்டும் கேட்கவே கூடாது.

இலாரியோ இப்படிப் பதினோரு பேரைக் கரையேற்றிய மகான். வில்மர் பன்னிரண்டாவது.

அவனுடைய சொற்பொழிவைக் கேட்டால் டாக்டரே குறிப்பெடுப்பார். தினம் ஒரு மாத்திரை போட்டால் கிருமி அண்டாது. அண்டிவிட்டாலும் அதற்கு வேறு மாத்திரை இருக்கிறது. ஒழுங்காகப் போட்டால் ரத்தத்தில் தென்படாத அளவுக்கு அடங்கிவிடும், அடுத்தவனுக்கும் தொற்றாது, எண்பது வயது வரை ஆட்டம் போடலாம். ஆணுறை இல்லாமல் ஒருத்தனையும் பக்கத்தில் விடக் கூடாது.

தெரிந்த பையன் என்றால் பரவாயில்லை. தெரிந்தவனிடம் போய் ஆணுறையை நீட்டினால் மரியாதையாகவா இருக்கும்?

அக்டோபரில், வில்மரின் பிறந்தநாள் விருந்து முடிந்து இருவரும் ஒரே கட்டிலில் விழுந்தபோது, இலாரியோ அந்த மரியாதையைக் கட்டிக் காப்பாற்றினான். மறுநாள் இருவரும் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. அதுவும் மரியாதைதான்.

"நீ எப்ப பாத்துக்கிட்ட?" என்றான் வில்மர்.

"போன மாசந்தான். சொக்கத் தங்கம்."

அந்தப் போன மாதத்துக்கு இப்போது ஆறு வயது.

பயம், வேறொன்றுமில்லை. சொந்த ஊரான புயேப்லாவில் இலாரியோவின் மாமா இந்த நோயில் செத்தபோது அவர் சாப்பிட்ட தட்டை யாரும் கையால் தொடவில்லை. குச்சியால் தள்ளிக் குழியில் போட்டு மூடினார்கள். பத்து வயதில் அதைப் பார்த்துக்கொண்டு நின்றவன், இன்றைக்கு ஊருக்கெல்லாம் தைரியத்தை அள்ளிக் கொடுக்கிறான். பாவம், தனக்கென்று ஒரு சொட்டு எடுத்து வைத்துக்கொள்ளவில்லை.

அப்போதுதான் வாசனை வந்தது. வில்மரின் மடியில் ஒரு பை. உள்ளே ஆவி பறக்கும் டமாலே.

"இது என்னடி கூத்து? சாப்பாடு வாங்கறது என் வேலை. என் மானத்தை வாங்கறதுக்குன்னே கிளம்பி வந்தியா?"

வில்மர் பையை இன்னும் கொஞ்சம் அணைத்துக்கொண்டான்.

கதவு திறந்தது. நர்ஸம்மா கையிலிருந்த தாளைப் பார்த்துக் கூப்பிட்டார்.

"இலாரியோ!"

இலாரியோவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அம்மா, நான் மாப்பிள்ளைத் தோழன். மாப்பிள்ளை இதோ உக்காந்திருக்கான்."

யாரும் சிரிக்கவில்லை. உள்ளே நுழைந்ததும் பெயர் எழுதிக் கொடுத்தது வில்மர். இலாரியோ அந்நேரம் கண்ணாடியில் மீசையைச் சரிபார்த்துக்கொண்டிருந்தான்.

"சரியாத்தான் கூப்பிடறாங்க," என்றான் வில்மர். "நான் மூணு வாரம் முன்னாடியே பாத்துட்டேன். இருக்குன்னு சொல்லிட்டாங்க. மாத்திரையும் ஆரம்பிச்சாச்சு."

"தனியாவா வந்த?" இலாரியோவுக்கு நிஜமாகவே கோபம் வந்தது. "எவனெவனுக்கோ வந்தவன், உனக்கு வர மாட்டேனா?"

"உன்னை எப்படிடி கூட்டிட்டு வர்றது?"

'யாரோட' என்கிற கேள்வி இலாரியோவின் தொண்டை வரைக்கும் வந்தது. அதைக் கேட்கக் கூடாது. கேட்க வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. யாரிடமிருந்து யாருக்கு என்பது இருவருக்குமே தெரியாது.

"விருப்பம் இருந்தா மட்டும் வாங்க தம்பி," என்றார் நர்ஸம்மா. "கட்டாயம் இல்ல."

இலாரியோ வாசலைப் பார்த்தான். எழுந்தால் நாலடி தூரந்தான்.

வில்மர் அவன் கையை எடுத்துத் தன் இரண்டு கைகளுக்குள் வைத்துத் தேய்த்தான்.

"ஒரு விரல்ல ஒரு குத்து, இருபது நிமிஷம்," என்றான். "எந்திரிடி. டமாலே ஆறிடும்."