மிலானில் ஒரு மலிவு அறை

"இது மிலான், விளங்குதோ? சுவிஸ் இன்னும் அங்காலை கிடக்கு. கொடியைக் கழட்டித் தந்தால் இண்டைக்கே எல்லை கடத்துறன். இல்லையெண்டால் இந்த ஹோட்டலுக்கையே கிடந்து உளுத்துப் போ!"

ஏஜென்சிக்காரன் குலேந்திரன் போட்ட சத்தத்துக்குப் பக்கத்து அறைக்காரன் சுவரில் குத்தினான். கலாவதி தாலிக்கொடியைச் சட்டைக்கு மேலால் இறுகப் பொத்திக்கொண்டாள்.

பேசின காசு முழுவதையும் கொழும்பிலேயே அண்ணன் கட்டித் தீர்த்துவிட்டான். சுவிஸில் பீல் நகரத்து மணிக்கூட்டுத் தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டு, புருஷன் இரவீந்திரன் இவள் முகத்தைக் காணக் காத்திருக்கிறான். நடுவழியில் வைத்து இவன் இப்படிக் கேட்கிறான்.

"கட்டினவனிட்டைப் போறதுக்குக் கட்டின கொடியைக் கழட்டோணுமோ? நீயும் ஒரு தாய் வயித்திலை பிறந்தனிதானே?"

"தாலியை நீயே வைச்சிரு. மஞ்சள் கயித்திலை கோத்துக் கட்டு. எனக்குக் கொடி மட்டும் போதும்."

"ஐயோ, உன்ரை பெரிய மனசு!"

மற்றக் கட்டிலில் இருந்த தில்லைநாயகிக்குப் பொறுக்கவில்லை. சுவிஸில் ஆரா நகரத்தில் இருக்கும் மகனிடம் போக வந்தவள். அறைக்குள் நுழைந்த அன்று இருவருக்கும் ஜன்னலோரக் கட்டிலுக்குத் தொடங்கிய சண்டை, சவர்க்காரத் துண்டு வரைக்கும் வந்து நின்றது.

"குடுத்துத் துலையன், பிள்ளை. நான் என்ரை காப்புச் சோடியைக் கழட்டிக் குடுக்கேல்லையோ? உன்ரை பிடிவாதத்தாலை நானும் எல்லோ இஞ்சை கிடந்து காயிறன்."

"காப்பு ஆரும் மூண்டு முடிச்சுப் போட்டுக் கட்டினதோ? உங்கடை வாயை வைச்சுக்கொண்டு சும்மா இருங்கோ."

"பார் குலேந்திரன், கதைக்கிற கதையை! இவளைக் கட்டினவன் பாவம். சுவிஸிலையாவது நிம்மதியாய் இருக்கட்டும், இவளை இஞ்சையே விடு."

கலாவதி அவளை விட்டுவிட்டு ஏஜென்சிக்காரன் பக்கம் திரும்பினாள். "பெரிய பட்டினம் எண்டு எங்களுக்குச் சொன்னாய். ஜன்னலைத் திறந்தால் ஒரு மலையும் நாலு கடையும்தான் தெரியுது. பருத்தித்துறைச் சந்தையிலை இதைவிடச் சனம் நிக்கும்."

"மலிவு ஹோட்டல் ஊர்க்கரையிலைதான் இருக்கும். நடுப் பட்டினத்திலை எடுத்துத் தர, காசு கட்டின கொண்ணர் என்ன கப்பல்காரரோ?"

அவள் மறுபடியும் ஜன்னலால் எட்டிப் பார்த்தாள். ரோமிலிருந்து வான் வண்டிக்குள்ளே, தக்காளிப் பெட்டிகளுக்குப் பின்னால் படுத்து வந்தவர்களுக்கு வழி எங்கே தெரிந்தது? ஜன்னலுக்குக் கீழே போகிறவர்கள் எல்லாரும் இத்தாலிப் பாஷைதான் கதைத்தார்கள். சுவிஸில் ஜெர்மனும் பிரெஞ்சும் என்று இரவீந்திரன் கடிதத்தில் எழுதியிருந்தான்.

"கடைசியாய்க் கேக்கிறன். கொடி தருவியோ, மாட்டியோ?"

"உயிர் போனாலும் தரமாட்டன்."

"அப்ப கிட. வெளியிலை தலையைக் காட்டினாய் எண்டால் இத்தாலிப் பொலிஸ் அள்ளிக்கொண்டு போய்க் கொழும்புக்குப் பிளேன் ஏத்தும். அங்கை ஆமிக்காரன் உன்னைப் பாத்துக்கொள்ளுவான்."

தில்லைநாயகி பையைத் தூக்கிக்கொண்டு அவன் பின்னால் புறப்பட்டாள். வாசலில் நின்று திரும்பிப் பார்த்தாள். "சுவிஸிலை கண்டால் கதைப்பம். அது வரைக்கும் கொடியைத் தடவிக்கொண்டிரு."

கார் புறப்பட்ட சத்தம் அடங்கவில்லை, ஹோட்டல்காரி வந்துவிட்டாள். அறைக்கு ஏஜென்சிக்காரன் கட்டிய நாள் முடிந்துவிட்டது போலிருக்கிறது. பாஷை விளங்காவிட்டாலும் கை விளங்கியது. கலாவதியின் பையும் செருப்பும் படியால் உருண்டு தெருவுக்கு வந்தன.

"நாசமாய்ப் போவாய்!" என்று தமிழில் திட்டிவிட்டுச் செருப்பைப் போட்டுக்கொண்டாள். எங்கே போவது? ஒரு முகமும் தெரியாத ஊர். மழை வேறு பிடித்துக்கொண்டது. கொழும்பென்றால் கொழும்பு, இந்த நாய்ப்பிழைப்பு வேண்டாம் என்று நினைத்தவள், எதிரே வந்த பொலிஸ்காரனிடம் நேராகப் போய் இரண்டு கைகளையும் நீட்டினாள்.

"பிடி. நான்தான் வந்து நிக்கிறன், பிடி."

பொலிஸ் நிலையத்தில் மீசைக்கார அதிகாரி திருப்பித் திருப்பி ஒன்றையே கேட்டான். மேசையில் அடித்துக் கேட்டான். அவள் "நோ, நோ" என்றதில் அலுத்துப்போய் எங்கேயோ தொலைபேசி எடுத்து, ரிசீவரை அவள் காதோடு வைத்தான்.

"வணக்கம் பிள்ளை, நான் மொழிபெயர்க்கிற திரேசா. இவர் கேக்கிறதுக்கு உள்ளதைச் சொல்லும்."

தமிழைக் கேட்டதும் கலாவதிக்கு அடைத்து வைத்ததெல்லாம் உடைத்துக்கொண்டு வந்தது.

"அக்கா, இந்த இத்தாலிக்காரனுக்குச் சொல்லுங்கோ, நான் அவன்ரை நாட்டிலை குந்தியிருக்க வரேல்லை. என்ரை மனுசனிட்டைச் சுவிஸுக்குப் போக வந்தனான். தாலிக்கொடி குடாத குற்றத்துக்கு ஏஜென்சிக்காரன் என்னை இஞ்சை விட்டிட்டுப் போட்டான். கொழும்புக்கு ஏத்திறதெண்டால் ஏத்தட்டும். மேசையிலை அடிச்சு என்னை வெருட்ட வேண்டாம்!"

அதிகாரி ரிசீவரை வாங்கி மறுமுனையோடு ஏதோ பேசிவிட்டுத் திருப்பித் தந்தான். பிறகு திரேசாவின் குரல் தணிந்து வந்தது.

"பிள்ளை, அவர் இத்தாலிக்காரர் இல்லை. இந்தப் பக்கத்து ஆக்களுக்கு இத்தாலிதான் பாஷை."

"எந்தப் பக்கத்து ஆக்களுக்கு?"

"தெற்குச் சுவிஸ் ஆக்களுக்கு. சுவிஸுக்குள்ளை வந்த பிறகும் ஏன் ஒளிச்சிருந்தனீர் எண்டுதான் அவர் கேக்கிறார்."