நான்காம் சாட்சி

கொள்ளுத்தாத்தா மிக்கேல் கொழும்புக்குப் போன தோணியோடு கடலில் மூழ்கிவிட்டார் என்று கேட்டே வளர்ந்தவர் பிலவேந்திரன். வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின், பேச ஆளில்லாத பகல்களைக் கழிக்க நீதிமன்றப் பதிவறையில் பழைய கட்டுகளைப் புரட்டிக்கொண்டிருந்தார். தோணி மூழ்கிப் பதினோரு வருஷம் கழித்து நடந்த ஒரு திருட்டு வழக்கில், நான்காம் சாட்சியாக மிக்கேல் நின்றிருந்தார். அதே ஊர், அதே தகப்பன் பெயர். பஞ்சுக் கிடங்கின் காவல்காரர்.

“உமக்கு இங்கே உறவு உண்டா?” என்று வக்கீல் கேட்டிருக்கிறார்.

“பெண்சாதியும் மகனும் உண்டு. வருஷாவருஷம் என் ஆத்துமத்துக்குப் பூசை வைக்கிறார்கள். கோயிலில் கடைசி வரிசையில் நின்று பார்த்துவிட்டு வருவேன்.”

“ஏன் வீட்டுக்குப் போகவில்லை?”

வழக்குக்குச் சம்பந்தமில்லாத கேள்வி என்று நீதிபதி தடுத்துவிட்டார். அடுத்த தாளில் உடைந்த பூட்டைப் பற்றிய விசாரணைதான் இருந்தது.

பிலவேந்திரன் வெளியே வந்து, ஆறு வருஷமாகப் பேசாத அக்கா செலினுக்குப் போன் போட்டார்.

“யாரு?”

“நான்தாங்க்கா, பிலவேந்திரன்.”

அக்கா கேட்டாள்: “எங்கலே இருக்க?”

“இங்கதாங்க்கா,” என்றார். “ஊர்லதான்.”