காதில் சொல்லும் பேர்

“ஐயோ, ஏக்க பிரிமி நமக் நே!” மிட்வைஃப் மிஸ் குசும்லதா சிங்களத்தில் சொல்லி வாய்விட்டுச் சிரித்தார். “அது ஆம்பளப் பேர் மது. எங்க அக்காட மகனும் சமீராதான். பொம்பளப் பிள்ளைக்கு யாராவது மீச வச்ச பேர் வைப்பாங்களா?”

சமீரா என்று பேர் சொன்ன மதுஷா பிள்ளையின் காலில் கொலுசைப் பூட்டினாள். இன்று முப்பத்தோராம் நாள். கஹவத்தைக்கு மேலே இருந்த அந்த ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில், பேர் வைக்கும் வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரிடமும் ஆளுக்கொரு பேர் இருந்தது.

சேலை விற்க மூட்டையோடு லயத்துக்கு வந்துபோகும் முஸ்லிம் பெண் பளீலா விடவில்லை. “சும்மா இரிங்க மிஸ். எங்கட பக்கம் அது பொம்புளப் பேர்தான். அரபில அர்த்தம் என்ன தெரியுமா? அந்திப்பட்டா பக்கத்தில இருந்து கதச்சிக்கிட்டு இருக்கிறவ.”

மதுஷாவின் கணவன் உதயராஜ் போனில் தேடிக்கொண்டிருந்தான். கோயில் ஐயர் ‘வி’ எழுத்துக் கொடுத்ததிலிருந்து, விதுர்ஷிகா என்று மனசுக்குள் கூப்பிட்டுப் பழகியிருந்தவன் அவன்.

“சமஸ்கிருதத்துல இளங்காத்துன்னு போட்டிருக்கு,” என்றான், தோற்றுப்போன குரலில். “ஆக சிங்களம், முஸ்லிம், தமிழ்னு மூணு சாதிக்கும் பொதுவான பேரு. எங்கயிருந்து புடிச்ச மது இத?”

“எங்கயோ கேட்டதுதான். அதையே வைப்போம்.”

அடுப்படியில் பாயாசம் கிண்டிக்கொண்டிருந்த மதுஷாவின் அம்மா பிரேமலதாவின் கரண்டி நின்றுபோயிருந்தது. அடிப்பிடிக்கிற வாசனை வந்த பிறகுதான் அவளுக்கு நினைவு திரும்பியது.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்கு ஃப்ளைட். பிரசவத்துக்கென்று இரண்டு மாத லீவில் வந்தவள். பெட்டி கட்டிலுக்கடியில் பூட்டித் தயாராக இருந்தது. “இங்கேயே இருந்துருங்க அத்தே, நான் பாத்துக்கிறேன்,” என்று உதயராஜ் எவ்வளவோ சொல்லிப் பார்த்துவிட்டான். “போகத்தானே வேணும் தம்பி,” என்பதற்கு மேல் அவள் வாயிலிருந்து ஒன்றும் வரவில்லை.

மதுஷாவுக்கு எட்டு வயதாக இருந்தபோது, கஹவத்தை பஸ் ஸ்டாண்டில் கையசைத்துவிட்டுக் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனவள். சின்னம்மா வீட்டில் வளர்ந்த மதுஷாவுக்கு அம்மா என்றால் வெள்ளிக்கிழமை போன்தான். அந்தப் போனிலும் பாதிப் பேச்சில் அந்தப் பக்கம் திரும்பி அரபியில் யாரையோ கொஞ்சுவாள். அப்புறம்தான் “சொல்லு மது” என்பாள். சொல்ல வந்தது அதற்குள் மதுஷாவுக்கு மறந்துபோயிருக்கும்.

அவள் பெரிய மனுஷியானதையும் கழுத்தில் தாலி ஏறியதையும் அம்மா அந்தச் சின்னத் திரையில்தான் பார்த்தாள். லயம் நிறைய உறவு இருந்தும் மதுஷா தனியாகத்தான் வளர்ந்தாள்.

“நல்ல நேரம் போகுது. காதுல யாரு சொல்றது?” என்றாள் சின்னம்மா.

“அம்மா சொல்லட்டும்,” என்றாள் மதுஷா.

பிள்ளையை மடியில் வாங்கிய பிரேமலதா மகளை நிமிர்ந்து பார்த்தாள். “வேற பேரே கெடைக்கலையா ஒனக்கு?” அந்தக் குரலில் கோபம் இல்லை, பயம்தான் இருந்தது.

“மூணு தடவ சொல்லுங்கம்மா.”

வெற்றிலையைக் காதோரம் பிடித்துக்கொண்டு பிரேமலதா குனிந்தாள். முதல் தடவை உதடு மட்டும் அசைந்தது. இரண்டாம் தடவை பேர் காற்றோடு கலந்து வந்தது. மூன்றாம் தடவை, கட்டுப்படுத்த முடியாமல், பேரோடு ஓர் அரபுக் கொஞ்சலும் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது; வெள்ளிக்கிழமைப் போன்களில் குவைத்து வீட்டுப் பிள்ளையை அவள் கொஞ்சிய அதே பேர், அதே கொஞ்சல்.

பளீலா திடுக்கிட்டுத் திரும்பினாள். பிரேமலதா பிள்ளையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள்.

மதுஷா அம்மாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அவள் கண்ணைத் தன் முந்தானையால் துடைத்துவிட்டாள்.

“இனிமே இந்தப் பேரச் சொல்லிக் கொஞ்சுறதுக்கு நீங்க குவைத்துக்குப் போக வேணாம்மா.”